டாக்டராக நாடகம் நடிக்கத் தெரிய வேண்டுமா?

விக்டோரியா ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் நம் மக்கள் உண்டு. வார்டைப் பெருக்குகிறவர்களில் நம் மக்கள் உண்டு. 1955-ல் தொடங்கிய பெங்களூர் மருத்துவக் கல்லூரியின் வகுப்பறையில் மட்டும் நம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அறிவு இல்லையா? உழைப்பு இல்லையா? அல்லது தேர்ந்தெடுக்கிறவர்கள் தேடுவதே வேறொன்றா?

தோழர்களே, பழைய கதை ஒன்று இருக்கிறது. 1963-ல் மைசூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் ஆள் எடுக்க ஆணைகள் போட்டது. பரீட்சை மதிப்பெண் போதாது, பேட்டியும் வேண்டும் என்றது. விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு 25 பங்கு பேட்டிக்கு. பேட்டியில் என்ன பார்ப்பார்களாம்? பொது அறிவு, ஆளுமை, என்.சி.சி., விளையாட்டு, சமூக சேவை, பேச்சுப் போட்டி, நாடகம்! காய்ச்சல் பார்க்கிற டாக்டருக்கு நாடகம் எதற்கு என்று நாம் கேட்கவில்லை. பள்ளி விட்டதும் தம்பியைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் குடம் போட்டு நின்ற பெண், எந்த மேடையில் ஏறி நடித்திருப்பாள் என்றுதான் கேட்கிறோம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1964-ல் பெரும்பான்மை நீதிபதிகள் பேட்டி செல்லும் என்றார்கள். நீதிபதி முதோல்கர் ஒருவர் ஒப்பவில்லை.

ஆனால் அதே 1963-ல் அதே அரசு இன்னொன்றும் செய்தது. அதை நம் ஜனங்கள் பலர் அறியமாட்டார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,200 ரூபாய்க்கு மேல் போகாமல், தகப்பன் உழவனாகவோ கைவினைஞனாகவோ சில்லறை வியாபாரியாகவோ கடைநிலை ஊழியனாகவோ உடலுழைப்புக்காரனாகவோ இருந்தால் அந்தப் பிள்ளை பின்தங்கிய வகுப்பு என்று சொல்லி 30 விழுக்காடு இடம் ஒதுக்கியது. என்ன சாதி என்று கேட்கவில்லை, என்ன வேலை என்று கேட்டது. சித்தாளின் மகனுக்கு இதைவிட நேரான அளவுகோல் உண்டா? ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் பேட்டி என்ற தாழ்ப்பாளைப் போட்டதுதான் வேடிக்கை.

தமிழ்நாடு மட்டும் யோக்கியமா? அங்கும் மருத்துவக் கல்லூரிப் பேட்டிக்கு 75 மதிப்பெண் இருந்தது. ஆறு குழுக்கள் உட்கார்ந்து தனித்தனியே ஆள் பொறுக்கின. 1970-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையில் குற்றம் கண்டது. பிறகு ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கு. அங்கே பேட்டி இரண்டு மூன்று நிமிடம்தான் நடந்தது, அதிலும் தகப்பன் யார், வீடு எங்கே என்று கேட்டார்கள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். 150-க்கு 50 மதிப்பெண் பேட்டிக்குக் கொடுத்தது அநியாயம் என்று 1980-ல் தீர்ப்பு வந்தது. தகப்பன் யார் என்ற கேள்வி! பேட்டியின் உள்நோக்கம் முழுதும் அதில் இருக்கிறது.

இன்றும் சில படித்த கனவான்கள், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேட்டி வைத்துத்தானே எடுக்கிறார்கள், கருணையுள்ள டாக்டர் வேண்டாமா என்கிறார்கள். வேண்டும்தான். நமக்கு வேண்டியதைப் போல யாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் கருணையை மூன்று நிமிடத்தில் அளக்கும் தராசு எங்கே விற்கிறது?

பேட்டிக்குப் பின் பணம் வந்தது. நன்கொடைக்குத் தடை போட்டு 1984-ல் கர்நாடகம் சட்டம் செய்தது. 1989-ல் அதே கர்நாடகம், தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு இடத்துக்கு 2,000 ரூபாய், வெளிமாநிலத்தாருக்கு 60,000 வரை என்று கட்டணம் நிர்ணயித்தது. மோகினி ஜெயின் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. 1994-ல் பொது நுழைவுத் தேர்வு. இப்போது நீட். பேட்டி இல்லை, சிபாரிசு இல்லை, எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்கிறார்கள். தமிழக அரசின் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையைப் பாருங்கள்: சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல், ஒரு முறைக்கு மேல் எழுதியவர்கள். வேலைக்குப் போகாமல் இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிக்க எந்த மேஸ்திரி வீட்டில் முடியும்? முன்பு நாடகம் நடித்தவனைத் தேடினார்கள், இன்று இரண்டு வருஷம் டியூஷனுக்குக் கட்டியவனைத் தேடுகிறார்கள். ஆள் அதே ஆள்தான்.

இதெல்லாம் ஏழைகள் எல்லோருக்கும் உள்ள வினை. நமக்கென்று தனி வினை ஒன்று உண்டு: எல்லைக்கோடு. கர்நாடக அரசு இடம் வேண்டுமானால், பொதுவாக முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரை ஏழு வருஷமாவது இங்கே படித்திருக்க வேண்டும், பத்தாவதோ பி.யூ.சி.யோ இங்கே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாடு 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு கொடுத்தது. நல்ல சட்டம், வாழ்த்துகிறோம். ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்திருக்க வேண்டும். ஸ்ரீராமபுரத்தில் ஐந்தாவது வரை படித்து, ஆயாவிடம் இருக்கட்டும் என்று திருவண்ணாமலைக்கு அனுப்பி ஒன்பதாவது முடித்து, பத்தாவதுக்கு இங்கே வந்து, மறுபடி அங்கே போய் மேல்நிலை படித்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இங்கே ஆறு வருஷம்: ஒன்று குறைவு. அங்கே பத்தாவது இல்லை: அதுவும் போச்சு.

தாழ்த்தப்பட்ட மக்கள் கதை இதைவிடக் கொடுமை. ஆந்திராவிலிருந்து பம்பாய்க்குக் குடிபோன பழங்குடி ஊழியரின் மகன், பம்பாயில் வளர்ந்து படித்தவன், அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கேட்டான். உன் பட்டியல் ஆந்திராவில்தான் செல்லும் என்று 1990-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. பின்னாளில் வந்த குடும்பத்தின் சான்றிதழ் மட்டும் ஓசூரைத் தாண்டினால் ஒதுக்கீட்டுக்கு உதவாத காகிதம்! தீண்டாமை ஓசூரில் இறங்கிக்கொண்டதா? பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. ஓட்டுக் கேட்டு அலசூருக்கும் சிவாஜிநகருக்கும் வருகிற எம்.பி.க்களை இனி இதைக் கேளுங்கள்.

கன்னட வழியில் படித்தவருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் கர்நாடகம் தரும் ஒதுக்கீட்டின் மீது நமக்குப் பொறாமை இல்லை. கன்னட உழைப்பாளியின் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். 1963-ன் அந்த உடலுழைப்பு அளவுகோலை மீண்டும் கொண்டுவா என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். பிள்ளையை நடுவில் ஊருக்கு அனுப்பும் முன் இங்கே எத்தனை வருஷம் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணுங்கள். பள்ளி மாறும்போதே படிப்புச் சான்று வாங்கி, வட்டாரக் கல்வி அதிகாரியின் மேலொப்பமும் போட்டு வையுங்கள். பள்ளி மூடிய பிறகு அந்தக் காகிதத்துக்காக அலைவது பெரும்பாடு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள், ஞாயிறு காலையில் ரேஷன் கார்டோடும் பழைய டி.சி.யோடும் சங்கத்துக்கு வாருங்கள், மனு எழுதித் தருகிறோம்.