இசைக்கு ஒரு கணினி: எதை வாங்குவது, எதை விடுவது?

ஸ்கெலட்டனில் வாழும் அன்பர் ஒருவர் இம்மாதம் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவருடைய மகன் திருச்சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். வீட்டிலேயே பாடலைப் பதிவு செய்து இசை அமைக்க ஒரு கணினி வேண்டும் என்கிறான். பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தானே பூட்டிக்கொள்வதாகவும் சொல்கிறான். அவன் தாயார் ஈராண்டாகக் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வரப்போகிறது. "அப்பணத்தை இதில் போடலாமா? போட்டால் எவற்றை வாங்குவது?" என்று அன்பர் கேட்கிறார்.

போடலாம் என்பதே நமது விடை. ஆயினும், கடையில் பளபளப்பாக அடுக்கியிருக்கும் பொருளைக் கண்டு வாங்கலாகாது. பாடகன் வாயிலிருந்து புறப்படும் ஒலி எந்த வழியே கணினிக்குள் சென்று எந்த வழியே மீண்டும் நம் காதுக்கு வருகிறதோ, அவ்வழியைப் பார்த்துப் பணத்தைச் செலவிடுதல் வேண்டும். இவ்வொன்றை மறந்தவர்கள் வண்ண விளக்குகளுக்கும் விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டுக்கும் பெரும்பணம் கொடுத்துவிட்டு, மைக் வாங்கக் காசின்றி நிற்பார்கள்.

கணினியில் இசை செய்வது புதிய செய்தியன்று. 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியாளர், ஐ.பி.எம். 704 என்ற பெருங்கணினிக்கு நிரல் எழுதி, 17 வினாடி நீளமுள்ள ஓர் இசையைப் பிறப்பித்தார். நம் நாட்டில், ஏ. ஆர். ரகுமான் 1989ஆம் ஆண்டில் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டியே ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் இசை அங்கே உருவானது. அன்று அத்தகைய கருவிகளுக்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. அவை செய்த வேலையில் பெரும்பங்கை இன்று நடுத்தர விலைக் கணினி ஒன்றே செய்துவிடுகிறது. எனவே மகனின் ஆசையை வெறும் விளையாட்டென்று தள்ளிவிட வேண்டியதில்லை.

இனிப் பாகங்களைப் பார்ப்போம்.

முதலில் பிராசஸர். இசைக்கு மிக உயர்ந்த வகை தேவையில்லை. இன்டெல் ஐ5 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 5 வரிசையில், ஆறு கோர் கொண்ட அண்மைக்கால பிராசஸர் போதும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இவற்றின் எண்ணுக்குப் பின்னே 'எஃப்' என்னும் எழுத்து இருந்தால், திரையில் படம் காட்டும் பகுதி அதனுள் இராது. விலை சற்றுக் குறைவென்று அதை வாங்கினால், தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கும்படி நேரும். அப்பகுதி உள்ளே இருப்பதைக் கேட்டு உறுதி செய்து வாங்கினால் அச்செலவு மிச்சம். அக்கார்டின் விசிறி போடும் இரைச்சலும் இல்லை.

அடுத்தது மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை. பிராசஸருக்குப் பொருந்தும் பலகையா என்பதைக் கடையிலேயே உறுதி செய்தல் வேண்டும். ராம் செருக நான்கு இடம் உள்ள பலகையே நன்று. இப்பொழுது 8 ஜி.பி. வீதம் இரண்டு வாங்கி, மற்ற இரண்டு இடங்களையும் பின்னாளுக்கு விட்டுவைக்கலாம். குரலும் சில கருவிகளும் பதிய 16 ஜி.பி. போதும். வயலின் கூட்டம், நாதஸ்வரம் முதலிய பதிவு செய்த ஒலித் தொகுப்புகளை மிகுதியாகப் பயன்படுத்தும்போதுதான் 32 ஜி.பி. வேண்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் ராம் விலை வெகுவாக ஏறியதை வாசகர்கள் அறிவர். இத்தகைய பொருளுக்கு இங்கே விலை எழுதுவதில் பயனில்லை. வாங்கும் நாளில் மூன்று கடைகளில் கேட்டறிதலே முறை.

சேமிப்பதற்கு எஸ்.எஸ்.டி. வாங்குக. அது ஓசையின்றி இயங்கும். 24 பிட், 48,000 மாதிரி என்ற தரத்தில் ஒரு குரலை ஒரு நிமிடம் பதிந்தால் ஏறத்தாழ 8.6 எம்.பி. இடம் செல்லும். பத்துத் தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாடலுக்கு 430 எம்.பி. ஆகும். ஆகவே 1 டி.பி. அளவு தொடக்கத்துக்குத் தாராளம். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தால் அதை எறிய வேண்டா. செய்த வேலையைப் படியெடுத்துத் தனியே வைக்க உதவும்.

பவர் சப்ளையில் சிக்கனம் கூடாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத இக்கணினிக்கு 450 வாட்டே மிகுதி. ஆனால் கேபினெட்டுடன் இலவசமாகத் தரும் பெயரற்ற பொருளை ஏற்காது, உத்தரவாதம் உள்ள நல்ல நிறுவனப் பொருளை வாங்குக. அது கெட்டால் மற்றப் பாகங்களையும் கெடுக்கக்கூடும். கேபினெட்டில் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி இருக்கட்டும். பெரிய விசிறி மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தரும். சிறிய விசிறி வேகமாகச் சுழன்று இரையும். ஓர் அறையில் கணினியும் மைக்கும் அருகருகே இருக்கும் நம் லைன் வீடுகளில் இவ்வேறுபாடு பதிவில் தெளிவாகக் கேட்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902ஆம் ஆண்டிலேயே நம் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. நாட்டின் பல ஊர்கள் விளக்கைக் காணுமுன்னரே தங்கவயல் கண்டது. ஆயினும் பழைய வீடுகளில் எர்த் என்னும் நில இணைப்பு சரியாக உள்ளதா என்பதைக் கணினி வாங்குமுன் மின்பணியாளரைக் கொண்டு பார்த்தல் வேண்டும். எர்த் சரியில்லையென்றால் பதிவில் ஓயாத ரீங்காரம் கேட்கும். கணினியின் உலோக உடலைத் தொட்டால் அதிர்ச்சியும் தாக்கலாம். ரீங்காரத்தைப் போக்கப் பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யலாகாது. சிறிய யு.பி.எஸ். ஒன்று இருந்தால், மின்தடையின்போது வேலையைச் சேமித்து மூடச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

இனிப் பெட்டிக்கு வெளியே உள்ளவை. இங்குதான் நம் செலவின் கருத்து இருக்கவேண்டும். மொத்தப் பணத்தைப் பத்துப் பங்காக்கினால், நான்கு பங்கையேனும் இவற்றுக்கென எடுத்துவைத்துவிட்டுப் பிறகு கடைக்குச் செல்வது நலம்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டியே இவற்றுள் தலையாயது. மைக்கின் ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தருவதும், எண்களை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவதும் அதுவே. கணினி அவ்வெண்களைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கிச் செயற்படும். ஒரு கட்டில் 256 மாதிரிகள் இருந்தால், வினாடிக்கு 48,000 என்ற கணக்கில், வினாடியின் ஆயிரத்தில் 5 பங்குக்குச் சற்று மேல் தாமதம் ஆகும். ஒலி அந்நேரத்தில் காற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் செல்லும். அதாவது பக்கத்தில் நிற்பவர் பாடுவதைக் கேட்பது போன்றது. 1,024 மாதிரிகள் என்றால் 7 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் பாடுவதைக் கேட்பது போலாகும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இத்தாமதம் உண்டாதலால், அது இருமடங்காகித் தாளம் பிசகும். தனக்கென நல்ல ஏசியோ டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸ் சிறு கட்டுகளிலும் தடுமாறாது வேலை செய்யும். இரண்டு உள்வாயிலும், கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் வசதியும் இருப்பதைக் கேட்டு வாங்குக.

மைக்கில் இரு வகை உண்டு. கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலியையெல்லாம் வாங்கும். அண்டை வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்து வாங்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்கே ஏற்றது. அதோடு காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று வேண்டும். ஸ்பீக்கரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சியே தொடக்கத்தில் போதும்.

மிடி என்பது கருவிகளும் கணினியும் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. அது 1983ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. அன்பரின் மகனிடம் உள்ள கீபோர்டில் மிடி அல்லது யு.எஸ்.பி. வாயில் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டா. வாங்கத்தான் வேண்டுமெனில், சுருதியை வளைக்கும் சக்கரம் உள்ளதையே வாங்குக. கட்டைகள் தனித்தனிச் சுரங்களையே தரும்; நம் இசையின் உயிராகிய கமகத்துக்குச் சுரங்களினிடையே வழுக்கிச் செல்லுதல் வேண்டும்.

மென்பொருளுக்கும் பணம் ஒதுக்குதல் நேர்மை. ஆர்டர், எல்.எம்.எம்.எஸ். போன்றவை திறந்த மூல மென்பொருள்கள். ரீப்பர் என்பதை 60 நாள் கட்டணமின்றிப் பயின்று பார்த்துப் பிறகு வாங்கலாம். திருட்டுப் படியைப் போட்டால் அதனோடு வைரசும் வீட்டுக்குள் வரக்கூடும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இப்பாகங்கள் யாவும் கிடைக்கும். மாரிக்குப்பம் வண்டியில் காலையும் மாலையும் நிற்கவும் இடமிராது என்பதை நாம் அறிவோம். நண்பகல் வண்டியில் திரும்புக. பூட்டிய கணினியாகக் கொண்டுவராது, பாகங்களை அவற்றின் அட்டைப் பெட்டிகளிலேயே கொண்டுவந்து வீட்டில் பூட்டுக. நெரிசலில் இடிபட்டால் கனத்த கூலர் தாய்ப்பலகையைப் பிளந்துவிடக்கூடும். ரசீதையும் பெட்டிகளையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பத்திரப்படுத்துக.

சீட்டுப் பணம் இவ்வளவுக்கும் போதாதெனில், அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றை வாங்கி, மிச்சத்தை இன்டர்ஃபேஸிலும் மைக்கிலும் இடுக. பின்னர்க் கணினியை மாற்றினாலும் அவ்விரண்டும் உடன்வரும். அன்பர் தம் மகனுடன் அமர்ந்து இவ்வரிசையில் ஒரு பட்டியல் எழுதட்டும். அப்பட்டியலைத் தாயாரும் பார்த்துச் சம்மதித்தபின் கடைக்குச் செல்லட்டும், பணம் அவருடையதன்றோ!