அப்பாவின் சேமநிதியில் என் பட்டம்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், பல்கலைக்கழகம் தொடங்கவிருந்த நேரம். முதலாண்டுக் கட்டணத்திற்கு அப்பாவின் மத்திய சேமநிதியைப் பயன்படுத்த நான் விண்ணப்பித்திருந்தேன். வேலை முடிந்து வந்த அப்பா, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி சிங்பாஸ் வழியாக ஒப்புதல் கொடுத்தார். அரை நிமிட வேலை. பக்கத்தில் நின்ற அம்மாதான் திரையில் இருந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டார்.

“கடனா? பெத்த புள்ளைக்குக் கடன் கொடுக்கிறதா? நல்ல கூத்து!”

அப்பா சிரித்தார். “அதெல்லாம் பேருக்கும்மா. யாரு திருப்பிக் கேக்கப் போறா?”

அந்தப் பதில் அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறுத்தியது. பல்கலைக்கழகச் செலவை ஏற்க வேண்டியவர் பெற்றோரா, மாணவரா என்று கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலும் “அப்பா அம்மாதான்” என்று பதில் வரும். ஆனால் சிங்கப்பூரில் அந்தப் பணம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எடுத்த இடத்தில் என்ன குறைகிறது என்று நாம் பேசுவதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் ஒரு சிங்கப்பூரருக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியைக் கல்வி அமைச்சின் மானியம் ஏற்றுக்கொள்கிறது. மானியம் போக நாம் செலுத்துவது பல பாடப்பிரிவுகளில் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். மருத்துவம், பல் மருத்துவம் போன்றவற்றுக்கு இது பல மடங்கு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவிநிதி உண்டு. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தால், ஆகக் குறைந்த வருமானப் பிரிவினருக்குப் பொதுப் பட்டப்படிப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு வரை உதவிநிதியாகக் கிடைக்கிறது. அதற்கு முன் அது 50 விழுக்காடு. சிண்டாவும் உதவுகிறது. எனவே மிகவும் சிரமப்படும் குடும்பத்துப் பிள்ளை கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை விட வேண்டிய நிலை பெருமளவு குறைந்துவிட்டது. கேள்வி கூர்மையாக எழுவது எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில்தான். வருமானம் ஏற ஏற உதவிநிதி தேய்ந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மீதியை யாராவது கட்டியாக வேண்டும்.

அந்த ‘யாராவது’ பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று, மத்திய சேமநிதிக் கல்விக் கடன் திட்டம். இன்னொன்று, கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடன்.

சேமநிதித் திட்டத்தில் பெற்றோரின் சாதாரணக் கணக்கில் சேர்ந்திருப்பதில் 40 விழுக்காடு வரை கட்டணத்திற்கு எடுக்கலாம். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, எடுத்த தொகையை வட்டியோடு மாணவர்தான் ரொக்கமாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். அதிகபட்சம் 12 ஆண்டுகள். வட்டி, சாதாரணக் கணக்குக்குரிய அதே 2.5 விழுக்காடு. பணம் எடுத்த நாளிலிருந்தே அது ஏறத் தொடங்கிவிடும். அப்பா சொன்னதுபோல் இது பேருக்குக் கடன் இல்லை. சட்டப்படி கடன். அவர் கேட்காவிட்டாலும் சேமநிதிக் கழகம் கேட்கும்.

கல்விக் கட்டணக் கடன் வேறு மாதிரி. பல்கலைக்கழக மாணவர்கள் மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடன் வாங்கலாம். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. பட்டம் பெற்ற பிறகே வட்டி தொடங்கும். உள்ளூர் வங்கிகளின் அடிப்படை வட்டி விகிதத்தின் சராசரியை ஒட்டி, அது பல ஆண்டுகளாக 4.75 விழுக்காடாக இருந்தது.

2.5ஐயும் 4.75ஐயும் அருகருகே வைத்தால் யாரும் முதலாவதையே எடுப்பார்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். ஆனால் கணக்கு அவ்வளவு எளிதல்ல. ஆண்டுக் கட்டணம் 8,250 வெள்ளி, படிப்பு நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 விழுக்காடு 29,700 வெள்ளி. இதை ஆண்டுதோறும் பிரித்துச் சேமநிதியிலிருந்து எடுத்தால், பட்டம் பெறும் நாளில் ஏறத்தாழ 1,900 வெள்ளி வட்டி சேர்ந்திருக்கும். கட்டணக் கடனில் அதே நாளில் வட்டி பூஜ்யம். உடனே செலுத்தத் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் முடித்துவிட்டால், சேமநிதிக்கு மொத்த வட்டி 2,700 வெள்ளியை ஒட்டி வரும். கட்டணக் கடனுக்கு 4.75 விழுக்காட்டில்கூட ஏறத்தாழ 1,500தான். 12 ஆண்டுகள் இழுத்தால் நிலைமை தலைகீழ்: சேமநிதிக்கு ஏறத்தாழ 6,900, கட்டணக் கடனுக்கு 9,300. சீக்கிரம் அடைப்பவருக்கு ஒன்று மலிவு, மெதுவாக அடைப்பவருக்கு மற்றொன்று மலிவு.

“ஆனால் சேமநிதிக்குக் கட்டும் வட்டி அப்பாவுக்குத்தானே போகிறது? வங்கியில் கட்டினால் வீட்டை விட்டே போய்விடுமே?” என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. பலரும் இதைச் சொல்லித்தான் சேமநிதியைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அந்த வட்டி அப்பாவுக்குக் கிடைக்கும் லாபம் இல்லை. பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் அவருக்குத் தானாகவே கிடைத்திருக்க வேண்டியது. நான் கட்டினால் அவர் பழைய இடத்திற்குத் திரும்புகிறார், அவ்வளவே. கட்டத் தாமதித்தால் அவர் பின்தங்குகிறார்.

இங்கேதான் பெற்றோரின் வயது உள்ளே வருகிறது. என் அப்பா பேருந்து ஓட்டுநர். அடுத்த ஆண்டு அவருக்கு 55 வயது. அந்த வயதில் சேமநிதியில் ஓய்வுக்காலக் கணக்கு ஒன்று திறக்கப்படும். சிறப்புக் கணக்கிலிருந்தும், அது போதாவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்தும் முழு ஓய்வுக்காலத் தொகை வரை அதற்கு மாற்றப்படும். 2025இல் 55 வயதானவர்களுக்கு அந்தத் தொகை 213,000 வெள்ளி. 2026இல் 55ஐ எட்டுவோருக்கு 220,400. வீவக வீட்டுக் கடனையும் சாதாரணக் கணக்கிலிருந்தே அடைத்த ஒருவருக்கு இது எளிதில் எட்டும் தொகை அல்ல. ஓய்வுக்காலக் கணக்கில் குறைந்தது 4 விழுக்காடு வட்டி கிடைக்கிறது. அங்கே போய் 4 விழுக்காட்டில் வளர வேண்டிய பணம், என் பெயரில் 2.5 விழுக்காட்டுக் கடனாக வெளியே நிற்கும். 29,700 வெள்ளிக்கு ஆண்டுக்கு 445 வெள்ளி வித்தியாசம். அந்த 445 வெள்ளியை நான் செலுத்தும் வட்டி ஈடுகட்டாது. 65 வயதுக்குப் பிறகு அவருக்கு மாதந்தோறும் வரவேண்டிய தொகையில் அது குறையும். அதற்குள் நான் வேலைக்குப் போய்ப் பத்தாண்டுகூட ஆகாது. அவர் வேலை செய்யும் ஆண்டுகளோ முடிந்திருக்கும்.

இதே திட்டத்தில் இன்னொரு விதி. 55 வயதைக் கடந்து, முழு ஓய்வுக்காலத் தொகையையும் ஒதுக்கிவைத்துவிட்ட பெற்றோர், பிள்ளையின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரலாம். விதியின் நோக்கம் நியாயமானது. கையில் போதுமான அளவு இல்லாத பெற்றோர் பாசத்தில் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வரம்பு. ஆனால் விளைவைப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது அன்பளிப்பாக மாறலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடைசி வெள்ளிவரை கடன். ‘யாரு திருப்பிக் கேக்கப் போறா’ என்று சொல்லும் வசதியே எல்லா அப்பாக்களுக்கும் இல்லை.

தனியார் கல்வி நிலையங்களில் பட்டம் படிப்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். சேமநிதித் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் நிலையங்களின் மானியம் பெறும் படிப்புகளுக்கே. வெளிநாட்டுப் படிப்புக்கும் இல்லை. அவர்களின் பெற்றோர் ரொக்கத்தைத் தேட வேண்டும், இல்லையென்றால் வங்கிக்குப் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். மாதர் சாசனத்தின்கீழ், பிள்ளைக்கு 21 வயதான பிறகும் அவர் கல்வி பயின்றுகொண்டிருந்தால் பராமரிப்புத் தொகை வழங்குமாறு பெற்றோருக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும். மறுபக்கம், 1995இல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டம். அப்போது நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது அது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத, 60 வயதைக் கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர அது வழிசெய்கிறது. பாசத்தைச் சட்டம் போட்டா வரவழைப்பது என்ற விவாதம் அப்போதே எழுந்தது. எனக்கு இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படிக்கும்போது தோன்றுவது வேறு. ‘பெற்றோரா, மாணவரா’ என்று இங்கே யாரும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் அவர்கள், பிறகு நாம். இடையில் இருக்கும் இருபது, முப்பது ஆண்டுகளில் யாருடைய கணக்கு காலியாகிறது என்பதைத்தான் குடும்பமே பார்த்துக்கொள்ள விட்டுவிட்டார்கள்.

என் கருத்து இது: பட்டத்தின் பலனை அனுபவிக்கப் போவது மாணவர், ஆகவே செலவும் மாணவர் பெயரில்தான் எழுதப்பட வேண்டும். எந்த வழி என்பதை வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெற்றோருக்கு நாற்பது சொச்சம் வயது, சாதாரணக் கணக்கில் தாராளமாக இருக்கிறது என்றால் சேமநிதி நல்ல வழி. அவர்கள் 55ஐ நெருங்குகிறார்கள், முழுத் தொகை கைக்கு எட்டவில்லை என்றால் கட்டணக் கடனே மேல், வட்டி கூடுதலாக இருந்தாலும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. கடனோடு பட்டம் பெறுபவர் முதலில் சம்பளத்தைப் பார்ப்பார், வேலையைப் பிறகுதான் பார்ப்பார். சமூக சேவைத் துறைக்குப் போக ஆசைப்படும் என் வகுப்பு மாணவி ஒருத்தி இதை வெளிப்படையாகவே சொல்கிறாள். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் அவளுடைய கடனை அவளுடைய அம்மாவின் ஓய்வுக்காலத்திற்கு மாற்றினால் கடன் தீர்ந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

படிக்கும்போதே வேலை செய்து முழுக் கட்டணத்தையும் கட்டிவிடலாம் என்பாரும் உண்டு. விடுமுறையில் வேலை பார்ப்பது சரி. தவணை நடக்கும்போது வாரத்தில் மூன்று இரவு உணவகத்தில் நின்றுவிட்டுக் காலை விரிவுரையில் தூங்கும் நண்பர்களை நான் பார்க்கிறேன். மானியம் கொடுத்து வாங்கிய இருக்கையில் தூங்குவது யாருக்கும் லாபமில்லை.

வீட்டில் இதைப் பேசியபோது எண்களைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. “பொண்ணு படிப்புக்குக் கொடுத்ததை யாராவது திரும்ப வாங்குவாங்களா? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ” என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அன்பில், மகன் சம்பாதித்துத் தாங்குவான், மகளிடம் எதிர்பார்க்கக் கூடாது என்ற பழைய கணக்கும் இருக்கிறது. நானும் நாளைக்குச் சம்பாதிக்கப் போகிறவள்தான், அத்தை என்றேன். தமிழில் ‘கடன்’ என்றால் கடமை என்றும் பொருள் உண்டு என்று பள்ளியில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது, அதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டிருந்தேன்.

இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டணக் கடனுக்கு மாறிவிட்டேன். மீதமுள்ள 10 விழுக்காட்டை, சனிக்கிழமைகளில் இரண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்தும் வருமானத்தில் கட்டுகிறேன். கட்டணக் கடனுக்குப் பிணையாளர் ஒருவர் தேவை. கையெழுத்துப் போட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. “எப்படிச் சுத்தினாலும் என் பேரு இல்லாம உனக்குப் பட்டம் கிடையாது போல” என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

முதலாண்டுக்கு எடுத்த 8,250 வெள்ளி இன்னும் அவர் கணக்கில் பள்ளமாக இருக்கிறது. என் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 1,600 வெள்ளி மிச்சம். சேமநிதிக் கல்விக் கடனை அடைக்க அதைப் பயன்படுத்தலாம். உடன்பிறப்பின் படிப்புக்கும் பயன்படுத்தலாம். அப்பாவின் பள்ளத்தில் போடலாம் என்கிறேன் நான். உயர்நிலை நான்கில் படிக்கும் தம்பி அடுத்த ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போவான், அவனுக்கு வைத்திரு என்கிறார் அப்பா. இன்னும் முடிவாகவில்லை. தம்பியைக் கேட்டோம். அப்படியொரு கணக்கு தனக்கும் வரப்போகிறது என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.