டப்ளினின் மூன்று வயது விஸ்கி... மார்க் ருசிக்கா, கதைக்கா?

1875, ஜூன் 18 இரவு. அயர்லாந்தின் டப்ளின் நகரில், லிபர்ட்டீஸ் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கு தீப்பற்றியது. உள்ளே ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் விஸ்கி. சூட்டில் பீப்பாய்கள் வெடிக்க, எரியும் விஸ்கி தெருவில் ஆறாக ஓடியது. உயிர் தப்பி ஓடியவர்கள் ஒருபக்கம். தொப்பியையும் ஷூவையும் கழற்றி, தெருவில் ஓடியதை அள்ளிக் குடித்தவர்கள் இன்னொரு பக்கம். அந்தச் சம்பவத்தில் 13 பேர் இறந்தார்கள். ஒருவர்கூடத் தீயில் சாகவில்லை. அத்தனை பேரும் குடித்தே இறந்தார்கள்!

மது உயிருக்குக் கேடு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை. அந்த எச்சரிக்கையோடு இந்த வாரக் கதைக்குள் போகலாம்.

தீப்பிடித்த அதே வட்டாரத்தில், நியூமார்க்கெட் சதுக்கத்தில், 2015-ல் ஒரு புதிய விஸ்கி ஆலை திறக்கப்பட்டது. பெயர் டீலிங். ஜாக், ஸ்டீபன் என்ற சகோதரர்கள் தொடங்கியது. 125 ஆண்டுகளில் டப்ளினில் எழுந்த முதல் புதிய ஆலை என்று அதைச் சொல்கிறார்கள். 2018-ல் அங்கிருந்து ஒரு பாட்டில் வெளியே வந்தது. ‘சிங்கிள் பாட் ஸ்டில்’ வகை. வயது சுமார் மூன்று. அயர்லாந்துச் சட்டப்படி, மரப்பீப்பாயில் மூன்று வருடம் இருந்தால்தான் அதற்கு ‘ஐரிஷ் விஸ்கி’ என்றே பெயர் வைக்க முடியும். அதாவது, பெயர் சூட்டிய கையோடு சந்தைக்கு வந்துவிட்ட குழந்தை!

இதே வகையில் ரெட்பிரெஸ்ட் என்றொரு விஸ்கி இருக்கிறது. குறைந்தது 12 வருடம் பீப்பாயில் கிடந்தது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால், மூன்று வயதுக்காரனுக்கு எதை நம்பிக் காசு கொடுப்பது?

பதில் தானியத்தில் இருக்கிறது. மால்ட் விஸ்கி என்றால் முழுக்க முளைகட்டிய பார்லி. முளைவிடும்போது தானியத்தில் உருவாகும் நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சர்க்கரை இருந்தால்தான் ஊறல் புளிக்கும். பாட் ஸ்டில் வகையில் முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியும் சேரும். ‘சிங்கிள்’ என்பது ஒரே ஆலையில் காய்ச்சியது என்பதற்கு. காய்ச்சுவதோ பானை வடிவச் செப்புக் கலன்களில்.

பச்சைப் பார்லி எப்படி உள்ளே வந்தது? வரிதான் காரணம். 1785-ல் முளைகட்டிய பார்லிக்கு வரி விழுந்தது. முளைகட்டாததற்கு வரி இல்லை. ஐரிஷ்காரர்கள் கணக்குப் போட்டார்கள். பச்சைப் பார்லி சேர்ந்தால் ஊறல் கஞ்சிபோல் கொழகொழவென்று ஆகி வடிகட்டவே உயிர் போகும். ஆனாலும் விடவில்லை. காசை மிச்சம் பிடிக்கப்போன இடத்தில் ஒரு ருசி கிடைத்துவிட்டது. நாக்கில் எண்ணெய்போல் படரும் வழவழப்பு, பின்னாலேயே மிளகு, கிராம்பு மாதிரி ஒரு காரம். வேறெந்த விஸ்கியிலும் இது இந்த அளவுக்கு வராது.

19-ம் நூற்றாண்டில் இந்த விஸ்கிதான் டப்ளினின் பெருமை. பிறகு சரிவு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நிறுத்தாமல், மலிவாகச் சாராயம் வடிக்கும் நெடிய கலனுக்கு 1830-ல் காப்புரிமை வாங்கியவர் ஈனியஸ் காஃபி. அயர்லாந்தில் வரி அதிகாரியாக இருந்தவர். டப்ளின் ஆலைக்காரர்கள் அதை ஏற்கவில்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். மீதியைக் காலம் பார்த்துக்கொண்டது. 1976-ல் லிபர்ட்டீஸின் ஜான்ஸ் லேன் ஆலையும் மூடப்பட்டது. அதன் பழைய செப்புக் கலன்கள் மூன்று, இன்று ஒரு கலைக் கல்லூரி வளாகத்தில் காட்சிப்பொருளாக நிற்கின்றன. தெற்கே கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஆலை மட்டும் இந்த வகையை உயிரோடு வைத்திருந்தது. ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் எல்லாம் அங்கே காய்ச்சுவதுதான்.

ஆக, டீலிங் பாட்டிலைத் திறப்பவர் விஸ்கியை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. வரி, தீ, வீழ்ச்சி, மறுபிறப்பு என்று ஒரு முழுநீளப் படமே மூக்கில் ஏறுகிறது. அந்த ஆலையின் சின்னமே சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை! இளம் விஸ்கியை எடைபோடுவதில் இதுதான் முதல் சிக்கல். கதைக்கே பாதி மார்க் போய்விடும். ருசி பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள், எந்த பாட்டில் எது என்று தெரியாமல் கிளாஸ்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

கிளாஸ் அடியில் அகன்று வாயில் குறுகியிருக்க வேண்டும். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் நெடி மட்டுமே ஏறும். வாயை லேசாகத் திறந்தபடி, கொஞ்சம் தள்ளி வைத்து முகர வேண்டும். இளசு என்றால் மூக்குக்கு முதலில் தெரிந்துவிடும். பச்சை ஆப்பிள், பேரிக்காய், ஈர தானியம், சில சமயம் நெயில் பாலிஷ் ரிமூவர். முதல் மூன்றும் வயதின் அடையாளம். அவற்றைக் குறையென்று சொல்ல முடியாது. நான்காவது வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும். தீர்ப்பு இரண்டாவது மிடறில். டீலிங்கில் ஆல்கஹால் 46 சதவிகிதம். ரெட்பிரெஸ்ட் 12-லும் கிரீன் ஸ்பாட்டிலும் 40. அதனால் ராவாகச் சப்பிவிட்டு, “காட்டம், இளசு” என்று சொல்லிவிடுவது அநியாயம். சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டதும் காரம் அடங்கிப் பழவாசனை மேலே வந்தால், அந்தக் காட்டம் ஆல்கஹாலுடையது. தண்ணீருக்குப் பிறகும் தொண்டை கமறினால் சரக்கு இன்னும் பழுக்கவில்லை. நாள் முழுக்க இதைச் செய்யும் நடுவர்கள் விழுங்குவதில்லை. துப்பிவிடுவார்கள்.

டீலிங்கின் கலவை முளைகட்டியது பாதி, கட்டாதது பாதி. மூன்று முறை காய்ச்சியது. பாதாம், பிஸ்கட், வெள்ளை பீச், மிளகு என்று ருசி பார்த்தவர்கள் பட்டியல் போடுகிறார்கள். தானியம் தெளிவாகப் பேசுகிறது என்பதுதான் இதன் பலம். 12 வருட விஸ்கியில் ஷெர்ரி ஒயின் பீப்பாயின் உலர்பழ வாசம் முன்னால் வந்து நிற்கும். பார்லியைத் தேட வேண்டும். இங்கே அது வாசலிலேயே நிற்கிறது. பச்சைப் பார்லி விஸ்கிக்கு என்ன செய்யும் என்று கேட்பவருக்கு, வயதான பாட்டிலைவிட இளம் பாட்டில் நல்ல வாத்தியார்.

உறுத்துவது புது மரம். போர்பன், ஷெர்ரி பீப்பாய்களோடு, எதுவும் ஊறாத புத்தம்புது அமெரிக்க ஓக் பீப்பாய்களும் இதில் உண்டு. புது ஓக் வேகமாக நிறம் தரும், வெனிலா தரும், இனிப்பு தரும். மூன்று வயது சரக்குக்கு ஒட்டுமீசை வைத்த மாதிரி! தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆள். கிட்டத்தில் மரத்தின் லேசான துவர்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். பல புதிய ஆலைகள் செய்யும் வேலைதான் இது. காத்திருக்கும் வருடங்களில் சம்பளம் கொடுக்க வேண்டுமே, அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. டீலிங் அளவோடுதான் செய்திருக்கிறது. ஆனாலும் வெனிலா ஒரு பிடி குறைந்திருக்கலாம்.

இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. 2014-ல் வகுத்த விதிப்படி முளைகட்டிய பார்லி குறைந்தது 30 சதவிகிதம், முளைகட்டாதது குறைந்தது 30; ஓட்ஸ், ரை போன்ற மற்ற தானியங்களுக்கு 5 சதவிகிதம் மட்டுமே இடம். பழைய காலத்துக் கலவைகளில் அவை இன்னும் தாராளமாக இருந்தன, விதியைத் தளர்த்துங்கள் என்று சில சின்ன ஆலைகள் கேட்டன. நியாயமான கோரிக்கைதான். பாரம்பரியம் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்!

சரி, மார்க்? 12 வயது அண்ணனோடு ஆழத்தில் போட்டி போட்டால் இந்தத் தம்பி தோற்பான். வாயில் தங்கும் நேரம் குறைவு, நடுவில் கொஞ்சம் வெற்றிடம். தானியத்தின் குணத்தை மட்டும் பார்த்தால் நேர்மையாகப் பாஸ். விலைக்கு? அங்கே கதையின் கூலியும் சேர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. ருசி பார்த்த கிளாஸைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் முகர்ந்து பார்ப்பார்கள். ஆல்கஹால் பறந்து போயிருக்கும். மிச்சம் வெனிலா மட்டும் என்றால், முந்தைய நாள் ருசித்தது மரத்தை. பார்லியும் மிளகும் ஒட்டியிருந்தால், அந்த ஆலையின் அடுத்த பாட்டிலுக்குக் காத்திருக்கலாம்.