ஷட்டர் இறக்கிய பஸ்

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து லாரி ஏறி ஊர் திரும்பியவர்களோடு கொரோனாவும் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று போய் இறங்கியது. அவர்களில் பலருக்கு இருமல்கூட இல்லை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும் நோய் அது. அன்று பட்டுத் தெரிந்துகொண்டதை இன்று மறந்துவிட்டோம். போன வாரம் மழைக்கு ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்ட டவுன் பஸ்ஸில் ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்தி இருமிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டில் கைக்குழந்தை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஆனால் மூக்கையும் சேர்த்து மூடும் ஒரு முகக்கவசத்தை அவர் போட்டிருந்தால், அது அந்தக் குழந்தைக்குப் பெரிய காவல். சளி, காய்ச்சல் என்றால் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். மொய்யைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். மழை விட்டதும் பஸ் ஷட்டரைத் தூக்கிவிடுங்கள்.