சக்கை யாருடையது?

“சுழற்சிப் பொருளாதாரம்” என்று ஒரு புதிய சொல் சில வருஷங்களாகக் கிளம்பியிருக்கிறது. மந்திரிகள் மேடையில் பேசுகிறார்கள். கம்பெனிகள் ஆண்டறிக்கையில் வட்டம் வட்டமாக வர்ணப் படம் போட்டு விளக்குகின்றன. விஷயம் இதுதான்: ஒரு பொருளைச் செய்யும்போதே, உபயோகம் முடிந்த பின் அது எங்கே போகும் என்று யோசித்துச் செய்ய வேண்டும். ஒரு தொழிலின் கழிவு அடுத்த தொழிலுக்கு மூலப்பொருளாக வேண்டும். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்ப வேண்டும்.

நல்ல கொள்கை. நாம் இதை எதிர்க்கவில்லை. ஆனால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக் கரும்புக் கொல்லையில் உழைக்கிறவனுக்கு இதைக் கற்பிக்க நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை. வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் பிழிந்த சக்கையை உலர்த்தி, அதையே அடுப்பில் தள்ளித்தான் கொப்பரை கொதித்தது. சாம்பல் வயலுக்குப் போயிற்று. கொழுந்தாடை மாட்டுக்கு, சோகை கூரைக்கு. அதற்கு யாரும் பெயர் சூட்டி மாநாடு நடத்தவில்லை.

இன்றைய சர்க்கரை ஆலை அதே காரியத்தைப் பெரிய அளவில் செய்கிறது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் ஆலைக்கு 1842-ம் வருஷத்துச் சரித்திரம் உண்டு. சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை இருக்கிறது. எந்த ஆலையானாலும் எடைமேடை ஏறும் ஒரு டன் கரும்பு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

சுமார் 90, 95 கிலோ சர்க்கரை. அதோடு ஏறக்குறைய 300 கிலோ சக்கை. அதில் பாதி ஈரம். இந்தச் சக்கைதான் பாய்லரை எரிக்கிறது, நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, இணைமின் நிலையம் உள்ள ஆலை தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை விற்கிறது. எரிக்காத சக்கை காகிதமாகும். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகளுக்கு வேறு எரிபொருள் கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக் காகிதம் செய்து காட்டியது. அடுத்து 40, 45 கிலோ மொலாசஸ். இதை வடித்தால் ஏறத்தாழ 10 லிட்டர் எத்தனால். 2024-25-ல் எண்ணெய்க் கம்பெனிகள் இந்த வகை எத்தனாலுக்குக் கொடுத்த விலை லிட்டருக்கு 57 ரூபாய் 97 காசு. வடிக்கிற செலவு உண்டு, வாஸ்தவம். ஆனாலும் நாம் ‘கழிவு’ என்று சொல்லிப் பழகிய கறுப்புப் பாகிலிருந்து, ஒரு டன் கரும்புக்கு 580 ரூபாய் அளவு சரக்கு! பின்னும் 30, 35 கிலோ பிரஸ்மட் என்ற எருமண்.

இதில் எந்த இடத்திலும் குப்பை இல்லை. அப்படியானால் கேள்வி ஒன்றுதான் மிஞ்சுகிறது. இந்தச் சக்கரம் சுற்றும்போது காசு எந்தப் பக்கம் விழுகிறது?

மத்திய சர்க்கார் கரும்பு விலை வைக்கும்போது உபபொருள்களின் வருமானத்தையும் கருதுவதாகச் சட்டம் சொல்கிறது. ஆனால் விலை ஏறுவதும் இறங்குவதும் ரிக்கவரி என்கிற சர்க்கரைப் பிழிதிறனைப் பொறுத்துத்தான். சக்கை என்ன விலைக்குப் போயிற்று, எத்தனை யூனிட் மின்சாரம் விற்றது என்று விவசாயியின் எடைச்சீட்டில் ஒரு வரி கிடையாது. 1974-ல் பார்கவா கமிஷன் சிபாரிசின் பேரில், ஆலையின் அதிக லாபத்தில் விவசாயிக்குப் பங்கு தரும் 5-ஏ பிரிவு கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவில் சேர்ந்தது. 2009-ல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். 2012-ல் ரங்கராஜன் குழு சர்க்கரை, சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் மதிப்பில் 70 சதம் விவசாயிக்கு என்றது; இல்லாவிட்டால் சர்க்கரை மதிப்பில் மட்டும் 75 சதம். அதற்கு மேல், சக்கை மின்சாரமாகி, மொலாசஸ் எத்தனாலாகிக் கொழிக்கும் இடத்தில் விவசாயிக்கு வாசற்படி கூட இல்லை. தமிழ்நாட்டில் 2017-18 பருவத்திலிருந்து மாநில சர்க்காரின் பரிந்துரை விலை மறைந்து வருவாய்ப் பங்கீடு என்ற முறை வந்தது.

பலன் என்ன? 2024-25 பருவத்தில் 9.5 சதத்துக்குக் குறைந்த பிழிதிறனுக்கு மத்திய விலை டன்னுக்கு 3,151 ரூபாய். மாநில சர்க்கார் 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ஆக்கியது. 2021 தேர்தலில் தி.மு.க. வாக்களித்தது 4,000. இந்த 3,500-லிருந்துதான் வெட்டுக்கூலியும் போக வேண்டும்.

“டர்பைனுக்கும் வடிப்பாலைக்கும் முதல் போட்டது நாங்கள் அல்லவா?” என்று முதலாளிகள் கேட்பார்கள். போட்ட முதலுக்கு நியாயமான வரும்படி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் எத்தனால் ஆலை கட்டும் கடனுக்கு 2018 முதல் வட்டியில் ஒரு பகுதியைக் கட்டியது சர்க்கார் கஜானா. அது யார் பணம்?

ஒரு சிறிய உதாரணம் இந்த மொத்தக் கதையையும் சொல்லிவிடும். கரும்பு மண்ணிலிருந்து சாம்பல் சத்தை, அதாவது பொட்டாஷை, ஏராளமாக உறிஞ்சுகிற பயிர். அந்தச் சத்து கரும்போடு ஆலைக்குப் போய், மொலாசஸில் தங்கி, வடித்த பின் மிஞ்சும் கழிவுநீரில் சேர்கிறது. முன்பெல்லாம் அது ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. இப்போது பாய்லரில் எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலிலிருந்து பொட்டாஷ் உரம் எடுக்கிறார்கள். சர்க்கரை ஆலைகள் இதை உரக் கம்பெனிகளுக்கு டன் 4,263 ரூபாய்க்கு விற்கலாம் என்று 2023-24-க்கு விலையும் பேசி முடிந்தது. விஞ்ஞானம் அருமையான விஞ்ஞானம். ஆறு பிழைக்கிறது, வெளிநாட்டுப் பொட்டாஷ் இறக்குமதி குறைகிறது. ஆனால் நம்முடைய வயலிலிருந்து போன சத்து மூட்டையில் கட்டி, விலைச்சீட்டு ஒட்டி நம்மிடமே திரும்பி வருகிறது. வட்டம் முழுமைதான், நடுவில் ஒரு கல்லாப்பெட்டி!

சில ஆலைகளில் வட்டம் பட்டுவாடா மேஜையிலேயே அறுந்துபோனதையும் இந்த மாவட்டம் கண்டது. பெண்ணாடம் அம்பிகா, ஏ.சித்தூர் ஆரூரான் ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பியவர்கள் பாக்கிக்காக வருஷக்கணக்கில் அலைந்தார்கள். கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்க் கை மாறியது. தங்கள் பெயரில் எடுக்கப்பட்ட வங்கிக் கடனுக்கும் பாக்கிக்கும் பதில் கேட்டு, தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் விவசாயிகள் 2022 கடைசியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

படத்தில் இல்லாத இன்னும் இருவர் உண்டு. ஒருவர், வெட்டுகிறவர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, பெண்டு பிள்ளைகளோடு கொல்லை கொல்லையாகப் போய், டன் கணக்கில் கூலி பெறுகிற விவசாயத் தொழிலாளி. அவர் கூலி கேட்டால் சிறு விவசாயியின் வயிற்றில் கை வைத்ததுபோல் ஆகிறது. ஏனெனில் கூலி அவர் பணத்திலிருந்து கழிகிறது. சக்கை விற்ற பணத்தைப் பற்றிய பேச்சே வராமல், ஏழை இருவரும் வரப்பில் நின்று மல்லுக்கட்டுகிறார்கள். இது யாருக்கு வசதி என்று நாம் சொல்ல வேண்டுமா?

மற்றவர், சக்கை மேட்டில் நிற்கிறவர். மாதக்கணக்கில் குவிந்து புழுங்கிய சக்கையில் பூசணம் போன்ற நுண்ணுயிர்கள் வளரும். அந்தத் தூசியைச் சுவாசிப்பவருக்கு இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு. ‘பகாஸோசிஸ்’ என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்து, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் ஏற்றினார்கள். சக்கைக்கு மதிப்புக் கூடக் கூட அதை அதிக நாள் சேமிப்பார்கள், அதிகம் கையாள்வார்கள். தூசி யாருடைய நெஞ்சில் படியும்? புதுப்பொருளை வடிவமைக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

வடிவமைப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்த பின், சக்கையில் செய்த தட்டும் கிண்ணமும் கல்யாணப் பந்தியில் காண்கிறோம். நல்லதுதான். ஆனால் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிவிட்டால் அது மக்காது, காகித ஆலைக்கும் ஆகாது. சக்கை என்று பெயர் சொல்லிப் பிளாஸ்டிக்கை விற்ற கதை! (நம் ஊர் வாழையிலைக்கு இந்தத் தொல்லை இல்லை.) திரும்பி வராத தொழிலின் கோலம் எப்படி இருக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், கடலூர் சிப்காட்டில் மருந்தும் ரசாயனமும் செய்யும் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடிகாடு, ஈச்சங்காடு ஜனங்கள் காற்றின் நாற்றத்தையும் தண்ணீரின் கேட்டையும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள். உப்பனாற்றைக் கேட்டாலும் சொல்லும்.

உலகத்துக்கு இது புதிதல்ல. உற்பத்திக் கழிவை எப்படிப் பயன்படுத்துவது என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் தனியாகவே எழுதினார். 45 லட்சம் லண்டன் ஜனங்களின் கழிவு வயலுக்கு எருவாகாமல், பெருஞ்செலவில் தேம்ஸ் நதியைக் கெடுப்பதை அங்கே எடுத்துக் காட்டினார். கரும்பின் உபபொருள்களை ஆராயவென்றே கியூபா 1963-ல் ஒரு நிலையம் அமைத்தது. பிரேசிலில் வடிப்பாலைக் கழிவுநீரைப் பாசனத்தில் கலந்து கரும்பு வயலுக்கே பாய்ச்சுகிறார்கள்.

நம் கோரிக்கை அதிகமில்லை. எடைச்சீட்டில் சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ், மின்சாரம், எத்தனால் வரவும் ஏற வேண்டும்; பங்கு அதிலும் வேண்டும். வெட்டுக்கூலியில் ஒரு பகுதியை ஆலை அந்த வரவிலிருந்து ஏற்க வேண்டும். பிரஸ்மட்டும் பொட்டாஷ் சாம்பலும் கரும்பு கொடுத்த வயலுக்கு முதலில், விலையின்றி. சக்கை மேட்டில் நிற்கிறவர்களுக்கு, காண்டிராக்ட் ஆள்கள் உட்பட, வருஷந்தோறும் நெஞ்சுப் பரிசோதனை. அரவை தொடங்குமுன் கூலி பேசக் கூட்டம் கூடும்போது, ஆலைத் தொழிலாளியும் வெட்டுகிற தொழிலாளியும் சிறு விவசாயியும் மேஜையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து, உபபொருள் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.