மூன்றே முக்கால் வட்டி



தீபாவளித் துணி எடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தோம். பில் போட வரிசையில் நிற்கையில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்தாள். "சார், நம்ம கடை கார்டு போட்டுக்குங்க, ஐந்நூறு ரூபா வவுச்சர் கிடைக்கும்" என்றாள். பாயிண்ட் ஏறுகிற கார்டுதானே என்று செல்போன் எண்ணைச் சொன்னேன். அடுத்து பான் கார்டு கேட்டாள். பாயிண்டுக்கு எதற்கம்மா பான் கார்டு? "இது கிரெடிட் கார்டு சார்" என்று சிரித்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் அதற்குள் தன் பான் கார்டை எடுத்து நீட்டிவிட்டார்.

கடனுக்குத் துணி எடுப்பது நமக்குப் புதிதில்லை. என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டுத் தீபாவளி ஒவ்வொன்றும் கோ-ஆப்டெக்ஸ் கடனில்தான் விடிந்தது. 1935இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனம் அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாமல் துணி கொடுக்கும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். கோடை விடுமுறை வந்தும் பிடித்தம் முடியவில்லையே என்று அப்பா முணுமுணுப்பார். ஆனால் எடுத்த விலைக்கு மேல் ஒரு காசு கொடுத்ததில்லை. சைக்கிளில் மூட்டையோடு தெருவுக்கு வரும் தவணைக்காரர் அப்படியில்லை. வட்டியை விலையிலேயே ஏற்றித்தான் சொல்வார். அம்மாவுக்கு அது தெரியும். திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசியே பாதியை இறக்கிவிடுவாள்.

கார்டில் பேரம் பேச ஆள் கிடையாது. அட்டையில் கடையின் பெயர் இருந்தாலும் கடன் கொடுப்பது வங்கி. ரிசர்வ் வங்கி விதிப்படி கடையின் வேலை, கார்டை விளம்பரம் செய்து விநியோகிப்பதோடு முடிந்தது. 2023 அக்டோபரில் ரிலையன்ஸ் எஸ்பிஐ கார்டு வந்தபோது ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், வரி தனி என்றார்கள். ஆண்டில் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. மளிகை, பெட்ரோல் எல்லாவற்றையும் அதிலேயே தேய்க்கிறவருக்குச் சரி. 499 ரூபாயை மிச்சம் பிடிக்கக் கூடுதலாக இரண்டு பட்டுப்புடவை எடுக்கிறவரின் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை.

அதெல்லாம் சில்லறை. வட்டிக்கு வருவோம். பெரும்பாலான வங்கிகளின் கட்டணப் பட்டியலில் மாதத்துக்கு 3.5, 3.75 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். நம் ஊர்ப் பேச்சில் மூன்றே முக்கால் வட்டி. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நாலரை வட்டி. நம் தெருவில் ஒருவர் நாலரை வட்டிக்குப் பணம் விட்டால் அவரை என்ன பெயர் சொல்லி அழைப்போம்? கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

20,000 ரூபாய்க்குத் துணி எடுத்தீர்கள். பில்லில் 'மினிமம் டியூ' 1,000 ரூபாய் என்று வருகிறது. அதை மட்டும் கட்டுகிறீர்கள். முழுதாகக் கட்டாததால் துணி எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு மாதத்துக்கு வட்டி 750, வரி 135. நீங்கள் கட்டும் ஆயிரத்தில் கடனில் குறைவது வெறும் 115 ரூபாய். பாக்கி இருக்கும்வரை அடுத்து எடுக்கும் துணிக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. புடவைச் சாயம் போன பிறகும் பாக்கி நிற்கும்.

கெடுவுக்குள் முழுப் பணத்தையும் கட்டுகிறவருக்கு இந்த வம்பே இல்லை. தள்ளுபடி அவருக்கு லாபம்தான். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். காலண்டரில் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மின்கட்டணத்தையே கடைசி நாளில் கட்டுகிற ஆள் நான்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. நாளைக்கு இத்தனை கார்டு என்று அவளுக்கும் டார்கெட் இருக்கும்.

ஏற்கெனவே கார்டு வாங்கியவர்கள் பதற வேண்டாம். வேண்டாமென்று தோன்றினால் பாக்கியை அடைத்துவிட்டு, மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும். 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது.

இனிமேல்தான் துணி எடுக்கப் போகிறீர்களா? பையும் பணமும் போதும். பான் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

தீபாவளி வாழ்த்துகளுடன்,
ஆசிரியர்