கணக்கில் ஏறாத செங்கமாரி

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைப் பழுகாமத்தில் வேளாண்மை செய்யும் ஒருவனுக்குக் கண் மஞ்சளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோற்றைக் கண்டாற் குமட்டல். சிறுநீர் தேயிலைச் சாயம். வீட்டார் செங்கமாரி என்று கண்டு, கீழ்காய்நெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுக்கின்றனர். சில கிழமைகளில் அவன் எழுந்து வட்டைக்குப் போகிறான். பிழைத்தது நன்றே. ஆயினும் நாட்டின் கணக்கில் அவன் நோயாளியே அல்லன்!

வைரசினால் வரும் ஈரல் அழற்சி, இலங்கையில் அறிவித்தே ஆகவேண்டிய நோய்களுள் ஒன்று. அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரியைச் சேர்ந்ததும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீடு தேடிச் சென்று கிணற்றையும் மலசலகூடத்தையும் ஆராய வேண்டும். பின்னர் அக்கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியற் பிரிவுக்குப் போய், வாராந்த அறிக்கையில் இடம்பெறும். ஏற்பாடு சிறந்ததே. ஆனால் முதலாவது அறிவித்தல் எழுதப்படாவிடின், பின்னுள்ளவை யாவும் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்லவா?

ஒருவனது மஞ்சட் கண்ணை எழுதிவைப்பதால் யாது பயன் என்று கேட்பார் உளர். நீராலும் உணவாலும் பரவும் 'ஏ' வகைக் கிருமி உடலிற் புகுந்து, நோய் வெளிப்பட இரண்டு முதல் ஏழு கிழமை செல்லும். கண் மஞ்சளிக்கும் முன்னரே மலத்தோடு கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே இன்று காணும் மஞ்சட் கண், சென்ற மாதம் கெட்ட நீரின் சாட்சி. அச்சாட்சியை உடனே கேட்டால் கிணற்றுக்குக் குளோரீன் இடலாம், அயலாரைக் காக்கலாம். 1955-56இல் டில்லியில் யமுனை நீரிற் கழிவுநீர் கலந்தமையால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். அது 'ஈ' வகை என்பது பல்லாண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. கருவுற்ற தாய்மாரின் உயிருக்கே உலைவைக்கும் வகை அது. 2009இல் வவுனியா முகாம்களில் எம்மவரிடையே ஈரல் அழற்சி பரவியதை மறந்தோமா?

அறிவிக்க வேண்டியவர் அரசாங்க வைத்தியர் மட்டுமல்லர். 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், நோய்க்குச் சிகிச்சை செய்வதாகக் கூறும் எவரையும் பிணிக்கிறது. தனியார் வைத்தியரும் நாட்டு வைத்தியரும் அதிலடங்குவர். கீழ்காய்நெல்லி கொடுப்பவரை நாம் பழிக்கவில்லை. மருந்தோடு ஓர் அறிவித்தலையும் எழுதுக என்றே வேண்டுகிறோம்.

அரசாங்கத்தின் கடமையும் உண்டு. தமிழில் அச்சிட்ட அறிவித்தற் படிவம் கிராம வைத்தியர் கைக்கு வரவேண்டும். வாராந்த அட்டவணையில் எல்லா வகையும் ஒரே நிரலில் அடங்குகின்றன. நீரால் வருவதையும் இரத்தத்தால் வருவதையும் பிரித்தறியாமல் எதைத் தடுப்பது? மேலும், அவ்வறிக்கை ஆங்கிலத்தில் வெளிவருகிறது. எமது நோயின் கணக்கை எமது மொழியிற் கேட்பது சலுகையன்று, உரிமை.

2030ஆம் ஆண்டுக்குள் ஈரல் அழற்சியைப் பொதுச் சுகாதார அச்சுறுத்தல் என்னும் நிலையிலிருந்து நீக்குவது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அவ்விலக்குக்குச் செல்லும் பாதை கொழும்பில் தொடங்குவதன்று. பழுகாமத்தின் கிணற்றடியில் தொடங்குவது. படித்தோரே, உழவரே! நீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள். கண் மஞ்சளித்தவரை மறைக்காதீர்கள், கணக்கில் ஏற்றுங்கள். எண்ணப்படாதவன் நோய்க்கு எவரும் பொறுப்புக் கூறார்.